சந்தனம் பூசிய ஒன்பது மவுண்டுகள்

ராக்கெட் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிகளே, தம்பிகளே! முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசை எவ்வளவு தடவுவது, வளையத்தை எப்படி நறுக்குவது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். கை ஒரு வாரத்தில் பழகிவிடும். புத்தி பழகத்தான் நாளாகும். எனக்கு நாற்பத்தாறு வயதில் பழகியது. அதுவும் ஊர்ப்பட்ட ஜனத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்து அவமானப்பட்ட பிறகு.

ஓய்வு பெற்று வில்லாபுரத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு இவள் பெருமை பேசுகிறாள் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கதையில் தப்பு செய்தவளே நான்தான். அதனால்தான் வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே எழுதி வைக்கிறேன்.

நம் கம்பெனி அப்போது நூற்பாலைகளுக்கு நூல் சுற்றுகிற அட்டைக் கோனும் குழாயும் செய்துகொண்டிருந்தது. கப்பலூரில் அந்தத் தெருவுக்குள் திரும்பினாலே ஈர அட்டை வாசம் மூக்கில் ஏறும். பதினாறு வருஷம் நான் கோன் பிரிவில் இருந்தேன். மில்கள் ஆர்டரைக் குறைத்தபோது முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. அட்டைக் குழாய் நம்மிடமே இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மைதானத்தில் விடுகிற ராக்கெட்டைச் செய்து கொடுத்தால் என்ன? கோனிலிருந்து ஆறு பெண்களைப் பிரித்து ஒரு நீள மேசையில் உட்கார வைத்தார்கள். முதல் நாளே மேனேஜர் வந்து ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

“அக்கா, இது ஓடுனா ஆறு பேருக்கும் வேலை. ஓடலைன்னா திரும்பக் கோனுக்கு வர முடியாது. அங்க எடம் இல்ல.”

ஆறு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். ராக்கெட் என்றால் தீபாவளிக்குப் பாட்டிலில் செருகி விடுவது மட்டும்தான் எங்களுக்கு அன்றைக்குத் தெரியும்.

மவுண்டு என்றால் என்ன என்று வெளியாள் யாராவது இதைப் படித்தாலும் புரியும்படி சொல்லிவிடுகிறேன். எஞ்சின் என்று நாம் சொல்வது கட்டைவிரல் பருமனில் ஒரு மருந்துக் குழல். பற்ற வைத்தால் இரண்டு நொடி சீறும். அதை ராக்கெட்டின் பெரிய குழாய்க்குள் அப்படியே செருகினால் லொடலொட என்று ஆடும். அதனால் எஞ்சின் அளவுக்கு ஒரு சின்னக் குழாய் செய்து, எஞ்சின் நழுவாமலிருக்க உள்ளே ஒரு தடுப்பு வைத்து, அதற்கு மேலேயும் கீழேயும் ஒவ்வொரு அட்டை வளையம் மாட்டி, அந்த வளையங்களைப் பெரிய குழாயின் உள்சுவரோடு ஒட்டிவிடுவோம். அதுதான் மவுண்டு. ராக்கெட்டை மேலே தூக்குகிற அத்தனை பலமும் அந்த இரண்டு வளையத்தின் ஓரத்தில் இருக்கிற பசையில்தான் நிற்கிறது. பசை விட்டுப்போனால் எஞ்சின் மட்டும் தனியாக உள்ளே ஓடி, மடித்து வைத்திருக்கிற பாராசூட்டைப் பொசுக்கி, ராக்கெட்டின் மூக்கைப் பிய்த்துக்கொண்டு நெருப்போடு எங்கே வேண்டுமானாலும் போகும். சுற்றி நிற்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தது பாலிடெக்னிக் முடித்த ஒரு பெண். என்னைவிட இருபது வயது இளையவள். பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவாள், ஆகவே நாங்கள் கூப்பிட்ட மாதிரியே மேசைக்காரி என்று எழுதுகிறேன். அதட்டமாட்டாள். விடவும் மாட்டாள்.

முதல் வாரமே அவளிடம் மாட்டினேன். வளையத்தில் பசை தடவிவிட்டால் மவுண்டை ஒரே தள்ளாகக் கடைசி வரை தள்ளிவிட வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு, நடுவில் மூச்சு விடும் நேரம் நிறுத்தினாலும் பசை பிடித்துக்கொள்ளும். நான் தள்ளிக்கொண்டிருக்கும்போது பக்கத்து நாற்காலிப் பாண்டியம்மா, “ஏக்கா, சாப்டியா?” என்று கேட்டாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க நம்மால் முடியுமா? “இன்னும் இல்லடி, நீயி?” என்று திரும்பினேன். மவுண்டு பாதி வழியில் நின்றுவிட்டது. குச்சியை வைத்துக் குத்தினேன், அசையவில்லை. யாரும் பார்க்கும் முன்னால் கழிவுச் சாக்குக்குள் போட்டு மேலே நாலு அட்டைத் துண்டைப் போட்டு மூடினேன்.

எப்படிப் பார்த்தாளோ, மேசைக்காரி நேராகச் சாக்குக்குப் போய் அதை எடுத்தாள். மேசை நடுவில் வைத்து, பிளேடால் நீளவாக்கில் கீறி, மலர்த்தி வைத்தாள்.

“திட்டலக்கா. எங்க நின்னுச்சுன்னு எல்லாரும் பாருங்க. சாக்குக்குள்ள கெடந்தா இது யாருக்கும் ஒதவாது.”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. இம்புட்டூண்டு பிள்ளை, என் மகள் வயது, ஆறு பேர் முன்னால் என் தப்பை மீன் கீறுகிற மாதிரி கீறி வைக்கிறதே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எவள் எதைக் கேட்டாலும் என் கை நடுவில் நின்றதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்கள் முதல் பெரிய ஆர்டர் வந்தது. திருநகரைத் தாண்டி இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது ராக்கெட். மவுண்டை நாங்கள் ஒட்டிக் கொடுக்க வேண்டும். இறக்கை ஒட்டுவது, வண்ணம் அடிப்பது, பெயர் எழுதுவது எல்லாம் பிள்ளைகள். பிறகு ஒரு சனிக்கிழமை காலை, பெற்றவர்கள் எல்லாம் பார்க்க, நாற்பதையும் வரிசையாக விடுவார்கள். இது நல்லபடியாக முடிந்தால்தான் மேசை நிற்கும் என்று மேனேஜர் தினமும் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆயுத பூஜையன்று கம்பெனியைக் கழுவி, வாசலில் வாழைக்கன்று கட்டி, கோன் மெஷின் ஒவ்வொன்றுக்கும் பட்டை போட்டு மாலை போட்டார்கள். எங்கள் மேசையில் மெஷினே கிடையாது. கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைத்தோம். பிளேடுக்கு வைத்தோம். பசை டப்பாவுக்கு வைத்தோம். எனக்கு மனசு ஆறவில்லை. நம்மைக் காப்பாற்றப் போவது இவையா, மவுண்டு அல்லவா என்று தோன்றியது. ஒட்டுவதற்குத் தயாராக ஒரு மரத்தட்டில் மவுண்டுகள் நின்றன. ஒன்பது குழி உள்ள தட்டு. சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, கஞ்சத்தனம் பண்ணாமல் ஒவ்வொன்றின் வளையத்தைச் சுற்றியும் பூசினேன். மேலே குங்குமம் வைத்தேன். ‘தாயே, இந்த ஆர்டரை நல்லபடியா முடிச்சுக் குடு’ என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

விஜயதசமி கழித்து வேலைக்கு வந்தால் மவுண்டு எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகக் காய்ந்து கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பொருள் இப்படி இருக்கலாமா? ஈரத்துணியால் ஒன்பதையும் துடைத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. மத்தியானம் வரை காய வைத்து, பசை தடவி, ஒரே தள்ளாகத் தள்ளி ஒட்டினேன். மேலே தெரிந்த சந்தனம்தான் போனது. அட்டையின் நுண்ணிய குழிகளுக்குள் போன சந்தனம் மாவு மாதிரி அங்கேயே இருந்தது. அதன் மேல் தடவிய பசை அட்டையைப் பிடிக்கவில்லை, மாவைப் பிடித்தது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. நாற்பத்தொரு குழாய் ஒட்டினோம். நாற்பது பள்ளிக்கூடத்துக்குப் போனது, ஒன்று மிச்சம்.

அந்தச் சனிக்கிழமை காலை மேனேஜரும் மேசைக்காரியும் முன்னாலேயே மைதானத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த குழாயை எடுத்துக்கொண்டு நான் லோடு ஆட்டோவில் பின்னால் வர வேண்டும், கூட்டத்துக்குக் காட்டுவதற்காக. கிளம்பும்போது ஒரு காலி எஞ்சின் கூட்டைச் செருகிப் பார்த்தேன். மவுண்டு அதோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. குழாயைக் கவிழ்த்துத் தட்டினேன். வெளியே வந்து மேசையில் விழுந்தது. வளையத்தின் ஓரத்தில் மஞ்சள். முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

ஒன்பதில் ஒன்று என் கையில். மீதி எட்டு அங்கே, பிள்ளைகளுக்குப் பக்கத்தில்.

பாண்டியம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

“அக்கா, பேசாம இரு. ஒண்ணு விட்டுப்போச்சுன்னா எல்லாமா விட்டுப்போகும்? நீயே போயி வாயைக் குடுத்து ஆறு பேரு அடுப்புலயும் தண்ணிய ஊத்திராத.”

அவளைத் தப்பாக நினைக்காதீர்கள். அவள் கணவர் கால் ஒடிந்து படுத்திருந்தார், வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஒரு நிமிஷம், நிஜமாகவே வந்தது. நன்றாகத்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு சொன்னது. மேனேஜருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மவுண்டைத் தள்ளுகிற மரக்குச்சியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

“அண்ணே, வெரசாப் போங்க. பிள்ளைக உசுரு விசயம்” என்றேன். நான்கு வழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே அந்த ஓட்டை வண்டியை அன்றைக்கு ஆட்டோக்காரர் ஓட்டிய ஓட்டம் இன்னும் என் இடுப்பில் இருக்கிறது.

மைதானத்தில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட், தலைக்குமேல் மழை மேகம். நீள மேசையில் நாற்பது ராக்கெட்டும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் பெயர். மயில் போட்டது ஒன்று, புலி வரி போட்டது ஒன்று, அம்மா அப்பா பெயரையும் சேர்த்து எழுதியது ஒன்று. மேனேஜர் புது வெள்ளைச் சட்டையில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை தயார் செய்துகொண்டிருந்தார். அவரைத் தனியாக இழுத்து மஞ்சள் வளையத்தைக் காட்டினேன். மூஞ்சியில் ஈயாடவில்லை.

“என்னக்கா இது? இப்ப வந்து சொல்றீங்க!”

“இப்பத்தான் சார் எனக்கே தெரிஞ்சது.”

மேசைக்காரி வந்துவிட்டாள். வளையத்தை வாங்கிப் பார்த்தாள்.

“எத்தனைக்கா?”

“எட்டு.”

“குச்சி இருக்கா?”

“இருக்கு.”

“அழுத்திப் பாருங்க. நல்லது தாங்கும்.”

மேனேஜர் தலைமையாசிரியை அம்மாவிடம் ஓடி, சின்னதாக ஒரு பரிசோதனை, பத்து நிமிஷம் என்று கெஞ்சிவிட்டு வந்தார். நான் முதல் ராக்கெட்டை எடுத்து, மூக்கைக் கழற்றி, குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்பக்கமாகக் குச்சியைச் செருகிக் கட்டைவிரலால் அழுத்தினேன். அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது, எதுவும் அசையவில்லை. பத்து வரைக்கும் ஒன்றுமில்லை. மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அந்தப் பார்வையை எழுத முடியாது. பதினொன்றாவது ‘டொக்’ என்று உள்ளே போனது. வளையத்தில் மஞ்சள். அடுத்து பதினான்கு. அடுத்து பத்தொன்பது, இருபது. ஒவ்வொன்று போகும்போதும் பந்தலில் ஒரு பிள்ளை முகம் சுருங்கியது. நாற்பதையும் முடித்தபோது ஏழு ராக்கெட் தனியாகக் கிடந்தன.

ஏழுதான். எட்டு இல்லை.

“சரி, முடிஞ்சது. முப்பத்து மூணு நல்லா இருக்கு. ஆரம்பிப்போம்” என்றார் மேனேஜர்.

“இல்ல சார். இன்னும் ஒண்ணு இருக்கு.”

“தட்டுல ஒரு குழி காலியா இருந்திருக்கும்க்கா! ஒம்பது இருந்துச்சுன்னு எண்ணுனீங்களா?”

எண்ணவில்லை. அதுதான் உண்மை. ஒன்பது குழித் தட்டு, நிறைந்திருந்த மாதிரிதான் ஞாபகம். ஆனால் பூஜை நேரத்தில் எவள் எண்ணினாள்? மேசைக்காரியைப் பார்த்தேன், அவளாவது ஒரு முடிவு சொல்லட்டும் என்று.

“தட்டு உங்களுதுக்கா. நீங்கதான் சொல்லணும்” என்றாள்.

அந்த நேரத்தில் அவள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நட்டாற்றில் விட்டாளே என்று நினைத்தேன். அதற்குள் தலைமையாசிரியை அம்மாவே வந்துவிட்டார். மழை வருகிறது, விருந்தினர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பெற்றோர் சலசலக்கிறார்கள்.

“ஒண்ணு இருக்குன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமாம்மா?”

“தெரியாதும்மா. உறுதியாத் தெரியாது. அதனாலதான் விட முடியாதுங்கிறேன்.”

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இடத்தில் உங்களிடம் நேராகப் பேசுகிறேன். இந்த வேலையில் ‘தெரியும்’ என்று சொல்ல எல்லாரும் துடிப்பார்கள். தெரியாது என்பதைத் தெரியாது என்று சொல்லி, சொன்ன இடத்திலேயே காலை ஊன்றி நிற்பதுதான் கஷ்டம். பாண்டியம்மா முகம் கண்ணில் வந்தது. ஆனாலும் அந்த மேசையை விட்டு நகர மாட்டேன் என்று நின்றேன்.

தலைமையாசிரியை அம்மா, “அப்ப நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க” என்று மைக்கைக் காட்டினார்.

வாழ்க்கையில் அதுவரை நான் மைக்கைத் தொட்டது கிடையாது. “வணக்கம். நான் கப்பலூர்ல இருந்து வாரேன்” என்று தொடங்கினேன். “இதுல மவுண்டு ஒட்டுனவங்கள்ல நானும் ஒருத்தி. ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசுனேன். பசை ஒட்டுற எடத்துல பூசிட்டேன். அதுல எட்டு ராக்கெட்டு கெட்டுப்போயிருக்கும்னு நெனைக்கிறேன். ஏழு கெடச்சிருச்சு. இன்னும் ஒண்ணு இதுக்குள்ள இருக்கலாம். இருக்கா இல்லையான்னு தெரியிற வரைக்கும் ஒண்ணையும் விட மாட்டேன். என்னைய மன்னிச்சிருங்க.”

முதலில் யாரோ சிரித்தார்கள். “ராக்கெட்டுக்கு மொளகாப் பொடியும் தூவுனியாம்மா?” என்று ஒரு குரல் வந்தது. பந்தல் முழுக்கச் சிரிப்பு. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுபடி குச்சியை எடுத்தபோதுதான் என் கட்டைவிரலைக் கவனித்தேன். வீங்கியிருந்தது. மடக்க முடியவில்லை. அப்போதுதான் புத்தியில் உறைத்தது. முதல் ராக்கெட்டை அழுத்திய விரலும் கடைசி ராக்கெட்டை அழுத்திய விரலும் ஒன்றல்ல. கடைசிப் பத்தை நான் அழுத்தவே இல்லை, தொட்டுப் பார்த்திருக்கிறேன். சோதிக்கிறவள் களைத்துப்போனால் கெட்டதெல்லாம் நல்லதாகத் தெரியும். அதனால் இந்த முறை கடைசியிலிருந்து தொடங்கினேன். விரலை நம்பவில்லை. குச்சியின் முனையை மேசையில் ஊன்றி, ராக்கெட்டைப் பின்பக்கம் கீழாக அதன் மேல் நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்து உடம்புப் பாரத்தைக் கொடுத்தேன்.

நாற்பது தாங்கியது. முப்பத்தொன்பது தாங்கியது. முப்பத்தெட்டு, நீல வண்ணம் அடித்து வெள்ளை நட்சத்திரம் போட்டது, ‘டொக்’.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நிம்மதியா அவமானமா என்று சொல்லத் தெரியவில்லை. பந்தலில் ஒரு பெண்பிள்ளை ஓவென்று அழுதது. அதன் அப்பா எழுந்து வந்தார். சாலையோரத்தில் லாரி டயர் கழற்றி மாட்டுகிற கடை வைத்திருப்பவர். கை ஒவ்வொன்றும் உலக்கை.

“மொத தடவ தாங்குச்சுல்ல? இப்ப எப்படி உடையும்? ஒன் கணக்கு சரியா வரணும்னு எம்மக ராக்கெட்டை வேணும்னே ஒடச்சிட்ட!”

மஞ்சள் வளையத்தை நீட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்தை விட்டே போய்விட்டார். மற்ற முப்பதையும் அதே மாதிரி ஊன்றிப் பார்த்த பிறகுதான் குச்சியைக் கீழே வைத்தேன். எல்லாம் தாங்கின. மழைக்கு முன்னால் முப்பத்திரண்டு ராக்கெட்டும் போயின, ஒன்றுகூடப் பிசகவில்லை. நான் ஒன்றையும் அண்ணாந்து பார்க்கவில்லை. அந்த எட்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன்.

தலைமையாசிரியை அம்மா மேனேஜரிடம் ஒன்றே ஒன்று சொன்னாராம். அடுத்த சனிக்கிழமை அந்த எட்டையும் சரி செய்து கொண்டுவந்து விட வேண்டும். எட்டும் ஒழுங்காகப் போனால் அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசலாம். ஒன்று பிசகினாலும் இந்தப் பக்கம் வர வேண்டாம். முதலாளியிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அவரும் “சனிக்கிழமை பாத்துட்டு முடிவு பண்ணுவோம்” என்றார். ஆக, ஆறு பேர் வேலையும் அந்த எட்டு ராக்கெட்டில் வந்து நின்றது.

அந்த வாரம் மேசையில் ஒருத்தியும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பாண்டியம்மா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தாள். நான் எட்டுக் குழாயிலும் பழைய மவுண்டை எடுத்து எறிந்தேன். பிள்ளைகள் அடித்த வண்ணம் கெடாமல் உள்சுவரைச் சுரண்டி, புது மவுண்டு செய்து ஒட்டினேன். மேசைக்காரி பக்கத்தில் நின்று பார்த்தாள். கை வைக்கவில்லை.

சனிக்கிழமை பந்தல் இல்லை, மைக் இல்லை. எட்டுப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டி வந்தவர்கள், தலைமையாசிரியை அம்மா, நாங்கள். கூப்பிடாமலே எங்கள் மேசைப் பெண்கள் ஐந்து பேரும் வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஒவ்வொன்றையும் பிள்ளைகள் முன்னால் ஊன்றி அழுத்திக் காட்டிய பிறகே மேலே விட்டோம். ஏழும் போய், ஏழும் பாராசூட்டோடு இறங்கின. எட்டாவது அந்த நீல ராக்கெட்.

டயர்க்கடை அண்ணன் குறுக்கே கையை நீட்டினார்.

“நீ அழுத்துறதை நான் நம்ப மாட்டேன்.”

“நம்பாதீங்க அண்ணே. நீங்களே அழுத்துங்க” என்று குச்சியை அவரிடம் கொடுத்தேன்.

மேனேஜர் என் காதருகே வந்தார். “அக்கா, வேணாம்க்கா. அவரு கைக்கு நல்லதே நொறுங்கிரும். நொறுங்குச்சுன்னா நம்ம சோலி முடிஞ்சது!”

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அட்டையும் பசையும்தானே, இரும்பா? ஆனால் அந்த மனிதரிடம் அன்றைக்கு நான் கொடுக்கக்கூடியது வேறு எதுவும் இல்லை. என் வார்த்தை செல்லாது. வளையத்தைக் காட்டினாலும் பார்க்க மாட்டார். என் வேலை மட்டும்தான் மிச்சம். அது தாங்காதென்றால் மேசை இருந்து என்ன பயன்? “விடுங்க சார், அழுத்தட்டும்” என்றேன்.

அவர் குச்சியைத் தரையில் கல்லின் மேல் ஊன்றினார். ராக்கெட்டை அதன் மேல் நிறுத்தி, இரண்டு கையையும் கோத்து, லாரிச் சக்கரத்தில் நெம்புகோல் போடுகிறவர் மாதிரி அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. மரத்தடியில் பாண்டியம்மா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். குழாய் லேசாக முனகியது. அவர் நிறுத்தவில்லை, மறுபடியும் அழுத்தினார். மவுண்டு அசையவில்லை.

குச்சியை உருவி என்னிடம் கொடுத்தார். “ம். பிடிச்சிருக்கு” என்றார். மகளைப் பார்த்து, “போ ஆத்தா, விடு” என்றார்.

பிள்ளை பொத்தானை அமுக்கியது. நீல ராக்கெட் சீறிக்கொண்டு போய், மேகத்துக்குக் கீழே ஒரு புள்ளியாகி, மூக்கு கழன்று, ஆரஞ்சுப் பாராசூட்டோடு ஆடி ஆடி இறங்கியது. பிள்ளை அதன் பின்னால் ஓடியது. தலைமையாசிரியை அம்மா மேனேஜரிடம் அடுத்த வருஷத்துக்கு அறுபது வேண்டும் என்றும், எல்லாவற்றையும் பள்ளியிலேயே அழுத்திக் காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு கத்தினார்கள்.

டயர்க்கடை அண்ணன் மட்டும் என் பக்கத்திலேயே நின்றார். மகள் ஓடுவதைப் பார்த்தபடியே கேட்டார்.

“அன்னைக்கு நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா எவனுக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்ல?”

“தெரிஞ்சிருக்காது அண்ணே.”

“எங்கயாச்சும் போயி முட்டியிருந்தாக்கூட, ராக்கெட்டுன்னா அப்படித்தான்னு போயிருப்போம்.”

“ஆமாண்ணே.”

“அப்புறம் எதுக்குச் சொன்ன?”

“எனக்குத் தெரியும்ல அண்ணே” என்றேன்.